இழுக்காமல் வந்த படகு

என் புருஷன் பெயர் தாதியோ. அவன் பொய்யே சொல்ல மாட்டான் என்று நான் சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்வான். மீன் பிடித்த கதை, சீட்டாட்டத்தில் ஜெயித்த கதை, எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டால் அவிழ்த்துவிடுகிற கதை, எல்லாவற்றிலும் பாதிக்குப் பாதி பொய்தான். ஆனால் குதிரை விஷயத்தில் மட்டும் சொல்ல மாட்டான். குதிரையை அவிழ்த்துவிட்டேன் என்று அவன் சொன்னால் அவிழ்த்துவிட்டான் என்றுதான் அர்த்தம். இதைத்தான் நீதிபதி முன்னால் நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

பதுவாவிலிருந்து வெனிஸுக்குப் போகிற கால்வாயில், பாதி வழியில் எங்கள் மதகு, கதவைத் திறந்து படகுகளை விடுகிற இடம். மதகுக்கு முன்னால் தண்ணீர் குளம்போல அசையாமல் கிடக்கும். படகுகளைக் கரையில் நடக்கிற குதிரைகள் கயிறு கட்டி இழுத்துவரும். தாதியோ குதிரைக்காரன். மதகுக்கரையில் இருக்கிற சத்திரம் என்னுடையது, அப்பா விட்டுப்போனது. சத்திரத்தோடு ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. கரையில் ஒரு பெரிய கம்பம் நட்டிருக்கிறது. வருகிற படகிலிருந்து வீசுகிற கயிற்றை வாங்கி அந்தக் கம்பத்தில் நான் சுற்றவேண்டும். அந்த வேலைக்காகத்தான் சத்திரத்தையே எங்கள் குடும்பத்துக்கு விட்டிருக்கிறார்கள்.

மதகுக்கு ஐம்பது தப்படி முன்னால் ஒரு முசுக்கட்டை மரம் உண்டு. அதற்கப்புறம் கரை குறுகிவிடும், குதிரை போகாது. அதனால் அந்த மரத்தடியில் குதிரைக்காரன் இழுவைக் கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிடுவான். அதற்குமேல் அந்தப் படகுக்கு எங்கள் கரையில் 'செத்த படகு' என்று பெயர். முப்பது, முப்பத்தைந்து தப்படி சும்மா மிதந்து வரும், கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து சோம்பேறித்தனமாக நிற்கும். நான் கயிற்றை வாங்கிக் கட்டுவேன். சில நாள் வேறு வேலை இருந்தால் கட்டமாட்டேன். செத்த படகு எங்கே ஓடிவிடப் போகிறது?

அன்றைக்குப் புனித மார்ட்டின் திருநாள். புது ஒயின் பீப்பாயைத் திறக்கிற நாள். பயணிகள் படகு ஒன்று காலையிலேயே மதகில் காத்துக்கிடந்ததில் அத்தனை பேரும் என் சத்திரத்துக்குள். பாட்டும் கூத்துமாக இருந்தது. நான் இரண்டு கையிலும் குடுவை வைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளியே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மார்க்கியோரின் படகு மதகுக் கதவில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது. படகுக்கும் கதவுக்கும் நடுவில் மதகுக்காரன் பஸ்தியானின் கால்.

மார்க்கியோர் வாழ்நாள் முழுக்க வைக்கோல் ஏற்றினவன். அந்த வாரம்தான் முதல்முறையாக, வெனிஸில் தெருவுக்குப் பாவுகிற கல்லை ஏற்றியிருந்தான். படகு விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. பஸ்தியானின் கால் எலும்பு மூன்று துண்டு. அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போதே மார்க்கியோர் கத்த ஆரம்பித்துவிட்டான்.

"குதிரைக்காரன் குடிச்சிருக்கான்! கொக்கிய கழட்டவே இல்ல! கதவு வரைக்கும் இழுத்துட்டான்!"

"கழட்டினேன்டா! மரத்துக்கிட்டயே கழட்டினேன்!" என்றான் தாதியோ.

"அப்போ படகு என்ன, கால் முளைச்சு நடந்து வந்துச்சா?"

ஒருவரும் பார்க்கவில்லை. மரத்தடியில் வேறு ஆளில்லை. நிரூபணமானால் தாதியோவுக்குப் பதினெட்டு மாதம் போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கிற தண்டனை. எங்கள் கரையிலிருந்து அப்படிப் போனவர்களில் ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனுக்கும் வாயில் பல் இல்லை. நான் பயந்தேன். பயந்தால் எனக்குக் கோபம் வரும், விசாரணை வருகிறவரை ஒன்பது நாளும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மட்டும் பஸ்தியானுக்குக் கோழி சூப் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் குடிப்பான், நன்றி சொல்வான், கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

பத்தாம் நாள் நீதிபதி வந்தார். ஊரில் பெரிய கூடம் என்றால் என் சத்திரம்தான், அதனால் விசாரணையும் அங்கேயே. மார்க்கியோர் சாமர்த்தியசாலி. பதுவா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியரைச் சாட்சிக்குக் கூட்டிவந்திருந்தான். பெல்லோட்டி என்று பெயர். ஒல்லியான மனுஷர், சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. பொருள்கள் ஏன் அசைகின்றன என்று இருபது வருஷமாகப் பாடம் சொல்கிறாராம். அதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் சூடான ஒயினைக் கையில் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"அசையிற எந்தப் பொருளா இருந்தாலும், அதை அசைக்கிறது ஒண்ணு கண்டிப்பா இருக்கணும். மாடு நடந்தா வண்டி நடக்கும், மாடு நின்னா வண்டி நிக்கும். இந்தப் படகு மரத்திலேர்ந்து ஐம்பது தப்படி வந்து கதவை உடைச்சிருக்கு. காத்து கிடையாது. தண்ணி ஓடல. அப்போ குதிரை இழுத்துக்கிட்டேதான் இருந்திருக்கணும்."

"அவுத்துட்டேன்னு சொல்றானே?" என்றார் நீதிபதி.

"அவுத்திருந்தா படகு நின்னிருக்கும். படகு நிக்கல. அதனால அவுக்கல."

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டுச் சுரைக்காய் என் புருஷனைக் கப்பலில் ஏற்றப் பார்த்தது.

"ஐயா, நீங்க சின்ன வயசுல கல்லு எறிஞ்சதே இல்லையா?" என்று நடுவில் புகுந்தேன். "கைய விட்டதுக்கு அப்புறமும் கல்லு போகுதே, அதை யாரு புடிச்சு இழுத்துக்கிட்டுப் போறா?"

நீதிபதி முறைத்தார். பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிற ஜாதி.

"நல்ல கேள்விம்மா. கல்லு முன்னாடி நகர்ந்தா பின்னாடி இடம் காலியாகும். அந்த இடத்துக்குக் காத்து பாஞ்சு வந்து கல்லை முன்னாடி தள்ளும். தண்ணியும் அப்படித்தான், படகுக்குப் பின்னாடி வந்து மூடும்போது தள்ளும்."

"அப்போ தண்ணிதான் தள்ளுச்சு. தண்ணிய கப்பலுக்கு அனுப்புங்க!"

கூடமே சிரித்தது. நீதிபதியின் எழுத்தர்கூடச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி மேஜையைத் தட்டினார்.

"அது கொஞ்ச தூரம்தான் தள்ளும்மா," என்றார் பேராசிரியர். "கல்லு ஏத்தின படகை ஐம்பது தப்படி தள்ளாது."

தாதியோ அதுவரை தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றவன், வாயைத் திறந்தான். "தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க ஐயா. குதிரையோட இழுப்பு படகுக்குள்ள மிச்சம் இருக்கும். அடுப்பை அணைச்சாலும் கல்லு கொஞ்ச நேரம் சூடா இருக்கில்ல? அதுமாதிரி. அப்புறம் தீந்துபோயிடும்."

பேராசிரியர் குடுவையைக் கீழே வைத்துவிட்டார். "அந்த மிச்சம் எங்கப்பா இருக்கு? பலகையிலயா? கயித்துலயா?"

"எனக்கென்னங்க தெரியும்? குதிரைகிட்ட கேளுங்க."

மறுபடி சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப் பேசிப்பேசியே இவனை ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது.

"எதுக்கு ஐயா வாய்ப்பேச்சு?" என்றேன். "அதே படகு அங்கதான் கிடக்கு. அதே கல்லு. அதே குதிரை. நாளைக்குக் காலைல இழுத்துப் பாத்துடலாமே? மரத்துக்கிட்ட உங்க காவக்காரரே குதிரைய புடிச்சுக்கட்டும். படகு நின்னுட்டா என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க."

தாதியோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவன் தலையை வைத்து நான் பந்தயம் கட்டிவிட்டேன். ஆனால் நீதிபதிக்கு அது பிடித்துப்போயிற்று.

"படகு நிக்காம வந்தா? கதவு மறுபடி உடையுமேம்மா. யாரு நிறுத்துறது?"

"கம்பத்துல நான் நிக்கிறேன்."

"வராதும்மா, பயப்படாதே," என்றார் பேராசிரியர் அன்பாக.

மறுநாள் காலை பனிமூட்டம் கலைந்ததும் கரை முழுக்க ஜனம். கதவுக்கு முன்னால் வைக்கோல் கட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மார்க்கியோர் சுக்கான் பிடிக்க, பேராசிரியர் படகின் பின்முனையில் குந்திக்கொண்டார். நான் ஒரு சிவப்புக் கம்பளி நூலை எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன்.

"இதை பின்பக்கம் கட்டித் தண்ணியில விடுங்க. தண்ணி வந்து தள்ளுறது நிஜம்னா நூலு படகு பக்கமா வரணும் இல்ல?"

அவர் நூலை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "வரணும்," என்றார். "ஆமா, வரணும்!" நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டு அதைக் கட்டத் தொடங்கினார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் மார்க்கியோரின் சாட்சி இல்லை என்று எனக்குப் பட்டது. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

படகை மரத்தைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய்க் குதிரையைப் பூட்டினார்கள். கிளம்புகிறவரை குதிரை படாத பாடு பட்டது. குளம்பு சேற்றில் வழுக்க, கழுத்து நரம்பு புடைக்க, அந்தப் பாரம் அசைய மனமில்லாமல் அசைந்தது. அப்புறம் நடை சீராயிற்று. முசுக்கட்டை மரத்தடியில் தாதியோ கொக்கியைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். காவல்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். குதிரை நின்றது.

படகு வந்தது.

பத்து தப்படி. இருபது. முப்பது. ஆயிரம் படகு இப்படி வந்து பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. யாரும் தொடவில்லை. யாரும் இழுக்கவில்லை. அவ்வளவு கல்லையும் சுமந்துகொண்டு அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வைக்கோல் படகு தூங்கி வழிகிற இடத்தை இது தாண்டியது, வேகம் குறைந்த மாதிரியே தெரியவில்லை. படகின் பின்முனையில் பேராசிரியர் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கத்தினார்.

"பின்னாடி போகுது! நூலு பின்னாடிதான் போகுது! தண்ணி தள்ளல!"

மார்க்கியோர் கயிற்றை வீசினான். பிடித்துக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கயிறு விறைத்தது, கீச்சென்று கத்தியது. என் கையை உரித்துக்கொண்டு ஓடியது. மூன்றாவது சுற்றைப் போட்டுவிட்டு மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்தேன். கம்பத்திலிருந்து புகை வந்தது. காலடி மண்ணில் கோடு போட்டுக்கொண்டு நானும் இழுபட்டேன். கடைசியில், வைக்கோல் கட்டுக்கு ஒரு முழம் முன்னால் படகு நின்றது.

"தாதியோ! தாதியோ!" என்று கரை அதிர்ந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நான் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் கிழிந்து ரத்தம். அப்போதுதான் உறைத்தது. அந்தப் படகு போவதற்கு ஒருவருமே வேண்டியிருக்கவில்லை. நிற்பதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். புனித மார்ட்டின் நாளன்று அந்த ஆள் உள்ளே ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கூடத்துக்குத் திரும்பினோம். பேராசிரியரின் அங்கி முன்பக்கம் முழுக்க ஈரம், தும்மிக்கொண்டே நின்றார், முகம் மட்டும் கல்யாண வீடு.

"நேத்து நான் சொன்னது தப்புங்க. எழுதிக்கோங்க. இவரு கொக்கிய கழட்டினது நிஜமாத்தான் இருக்கும். நான் இருபது வருஷமா தப்பான கேள்வியக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன் போல. ஒரு பொருள் ஏன் போகுதுன்னு கேட்டேன். போகறதுக்குக் காரணமே தேவையில்லையோ என்னமோ. நின்னதைக் கிளப்பவும், போறதை நிறுத்தவும்தான் பலம் தேவைப்படுது. இன்னும் யோசிக்கணும்."

"அப்போ வழி பூரா குதிரை எதுக்குய்யா இழுக்குது?" என்றார் நீதிபதி.

பதில் தாதியோவிடமிருந்து வந்தது. "பாசி, சேறு, தண்ணி எல்லாம் படகைப் புடிச்சு நிறுத்திக்கிட்டே இருக்குதுங்களே. அதுகூட மல்லுக்கட்டத்தான்."

பேராசிரியர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு நிமிஷம் எனக்கும் எல்லாம் மறந்து சந்தோஷமாக இருந்தது. உடனே மார்க்கியோர் எழுந்தான்.

"சரிங்க, கழட்டினான். ஒத்துக்கிறேன். ஆனா கல்லுப் படகு இவ்வளவு தூரம் வரும்னா இன்னும் முன்னாடியே கழட்டியிருக்கணுமா இல்லையா? அது யாரு வேலை? குதிரைக்காரன் வேலைதானே?"

நீதிபதி மெல்லத் தலையசைத்தார்.

"என்னப்பா சொல்றே?"

"மரத்துக்கிட்ட கழட்டுறதுதாங்க வழக்கம்," என்றான் தாதியோ.

"கல்லுக்குமா?"

"கல்லு இங்க வந்ததே இல்லீங்க."

"தெரியாமப் பண்ணினாலும் ஒருத்தன் கால் போனது போனதுதான்." நீதிபதி எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் பேனாவை மையில் தொட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஊரில் நடக்காததா? பேசினால் அப்பா விட்டுப்போன சத்திரம் போய்விடும். பேசாவிட்டால் இவன் போய்விடுவான். யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நாக்கு எனக்கு முன்னாடி கிளம்பிவிட்டது.

"ஐயா, எங்க கழட்டினாலும் கம்பத்துல ஆளு இருந்திருந்தா படகு நின்னிருக்கும். இப்ப நின்னுச்சு இல்ல? அன்னைக்கு ஆளு இல்ல. கம்பத்து வேலை என்னுது. நான் உள்ள ஒயின் ஊத்திக்கிட்டு இருந்தேன்."

"ஏய் ஓர்சொலா, சும்மா இரு!" என்றான் தாதியோ.

"நீ சும்மா இருய்யா."

நீதிபதி சாய்ந்து உட்கார்ந்தார். அவர் நம்பவில்லை. "புருஷனைக் காப்பாத்த பொண்டாட்டி எதை வேணா சொல்லுவா. மார்க்கியோர், நீ கயித்தை வீசினப்போ கம்பத்துல ஆள் இருந்துச்சா?"

மார்க்கியோர் தலையைச் சொறிந்தான். "நான் வீசலீங்க. கொக்கி கழண்டா செத்த படகுதானேன்னு... புது ஒயினுக்கு வர அவசரத்துல சட்டைய மாட்டிக்கிட்டு இருந்தேன்."

கொக்கி கழன்றது இவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது! தன் வாயாலேயே உளறிவிட்டான். கூடத்தில் சலசலப்பு. மார்க்கியோர் வெளிறிப்போய் உட்கார்ந்தான். "உன்னை அப்புறம் கவனிக்கிறேன்," என்றார் நீதிபதி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ உள்ள இருந்ததுக்கு யாரு சாட்சி?"

பயணிகள் வெனிஸ் போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. உள்ளூர்க்காரர்களில் ஐந்தாறு பேர் கையைத் தூக்கினார்கள். அன்றைக்கு எத்தனை குடுவை குடித்தாய் என்று நீதிபதி ஒவ்வொருவரையும் கேட்டார். ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது.

"மதகுக் கதவுலேர்ந்து பாத்தா கம்பம் தெரியும்," என்றார் பேராசிரியர் மெதுவாக. "காலைல நான் கவனிச்சேன்."

பஸ்தியானின் வீடு அடுத்த வீடு. நீதிபதி, எழுத்தர், பேராசிரியர், தாதியோ, நான், இத்தனை பேரும் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தோம். பஸ்தியான் காலில் மரச்சட்டம் கட்டிப் படுத்திருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், நீதிபதி வேண்டாம் என்று கையமர்த்தினார்.

"படகு வந்தப்போ கம்பத்துல யாருப்பா இருந்தா?"

பஸ்தியான் என்னைப் பார்த்தான். பத்து நாளாகச் சூப்பைக் குடித்துவிட்டுக் கூரையைப் பார்த்தவன், அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"சொல்லு பஸ்தியான்," என்றேன். "பாத்ததைச் சொல்லு."

"யாரும் இல்லீங்க," என்றான். "படகு நிக்காதுன்னு தெரிஞ்சதும் நான் கம்பத்தைத்தான் பாத்தேன். ஓர்சொலா, ஓர்சொலான்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். உள்ள ஒரே பாட்டுச் சத்தம்."

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். நீதிபதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உன் காலே போயிருக்கே. இதை ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"

"படகை யாரு இழுத்தான்னுதானே ஐயா எல்லாரும் கேட்டீங்க," என்றான் பஸ்தியான். "நான் இருந்த இடத்துலேர்ந்து அது தெரியல."

தாதியோ என் தோளில் கை வைத்தான். அவன் வீட்டில் இருக்கப்போகிறான், சத்திரம் போகப்போகிறது, இரண்டும் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்காக நான் அழவில்லை. இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். நான் அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.